லயம் இடிந்த தேதி

ஜெலாப்பாங் சாலையில் என் காருக்கு முன்னால் போன லாரியிலிருந்து ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் குப்பென்று அடித்த நேரம் பார்த்து, எங்கள் பழைய தோட்டத்து வாட்சாப் குழுவில் அக்கா வீட்டுக்காரர் அனுப்பும் அன்றாடத் தொல்லையும் வந்து விழுந்தது: 'வரலாற்றில் இன்று'. எங்கோ ஒரு கப்பல் மூழ்கியதாம், எவனோ ஒரு ராஜா முடிசூடினானாம்.

எனக்கோ அந்த நாற்றத்தோடு கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் வந்துவிட்டது. விடியுமுன் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் பெரட்டு மணி, வாளிகள் உரசும் சத்தம், அம்மாவின் சட்டையில் காய்ந்து பிசுக்கேறிய ரப்பர் பால், மழை பிடித்துக்கொண்டால் இன்றைக்குப் பாலெடுக்க மரம் வெட்டப் போக வேண்டாம் என்று அம்மா வீட்டிலிருக்கும் சந்தோஷத்தில் பிள்ளைகள் நாங்கள் போடும் கூச்சல், அத்தனையையும் சேர்த்து ஒரே நாளில் புல்டோசர் தள்ளிவிட்டுப் போன எங்கள் லயத்து வரிசை வீடுகள்.

"நம்ம லயத்த இடிச்சது என்னைக்கு மச்சான்? அதப் போடுங்களேன்" என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன். குழுவில் ஒருவருக்கும் தேதி தெரியவில்லை. கடைசியில் அக்காவின் குரல்பதிவு வந்தது.

"மழ பேஞ்ச அன்னிக்கு லா, மறந்துட்டியா?"

உடனே ஆளாளுக்கு, ஆமாம், மழைதான், நல்ல மழை என்றார்கள். எங்கள் பேராக்கில் மழை பெய்யாத நாள் எது?

மறுநாள் காலையில் மச்சான் இன்னொரு கப்பலை மூழ்கடித்தார், தேதியோடு.