மாமியார் பெயரில் கைதானவர்கள்

என் சித்தப்பா மகள் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, பணி ஆணைக்குக் காத்திருந்த மாதத்தில்தான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நடுரோட்டில் உட்கார வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால், ஏதோ நல்லது செய்யப் போய்த் தவறிவிட்டவள் போல ஆகிவிடுவேன். நல்லதும் நடந்தது. தண்ணீர் வந்தது. அது வேறு கதை.

நான் எம்.ஏ. வரலாறு. அமெரிக்காவில் தீவிர இயக்கங்கள் ஊரை எப்படியெல்லாம் ஸ்தம்பிக்க வைத்தன என்பது என் ஆய்வேட்டின் பொருள். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு எதற்கம்மா அமெரிக்கா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். பதில் சொன்னேன், இருபது நிமிடம். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அந்த மனிதர்கள்மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். தெருமுனையில் பெட்டியின் மேல் ஏறிப் பேசக்கூடாது என்று மேற்குப் பக்கத்து ஊர்களில் சட்டம் போட்டபோது, மரம் வெட்டுகிறவர்களும் பழம் பறிக்கிறவர்களும் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கி, ஒருவர் கைதானால் அடுத்தவர் பெட்டிமேல் ஏறி, சிறையை நிரப்பியே ஊரைப் பணிய வைத்தார்கள். கார் தொழிற்சாலைக்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வராமல் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் தங்களுக்குப் பரிமாற மாட்டார்கள் என்று தெரிந்தே கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்து, தலையில் ஊற்றியதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் பேருந்தின் முன்னால் நின்று அதை நகரவிடாமல் செய்தார்கள். எதுவும் இல்லாதவர்கள் கையில் இருக்கும் ஒரே சாமான் தொந்தரவு. இதுதான் என் ஆய்வேட்டின் சாரம். எழுதி முடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குச் சற்றுத் தள்ளி, ஓசூர் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. அந்த ரோட்டை அகலப்படுத்தத் தோண்டியதில் காவிரித் தண்ணீர் வரும் குழாய் உடைந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. போர்வெல் தண்ணீரைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், முட்டி வலிக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊராட்சியில் கேட்டால் ரோடு கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். கான்ட்ராக்டர் ஆள் எங்களை ஊராட்சிக்கே திருப்பி அனுப்பினார்.

எங்கள் ஊரில் மறியல் என்றால் அத்தை. சொந்த அத்தை இல்லை. மகளிர் குழுத் தலைவி, ஊருக்கே அத்தை. வீட்டில் தெலுங்கு பேசுவார், வெளியே தமிழ், கோபம் வந்தால் மட்டும் வெளியிலும் தெலுங்கு. ஆறேழு மறியல் நடத்திய அனுபவம். அவருடைய மறியலுக்கு ஒரு முறை உண்டு. பால் வண்டி போன பிறகு உட்காருவது. காலேஜ் பஸ்ஸை விட்டுவிடுவது. காலிக் குடங்களை வரிசையாக ரோட்டில் அடுக்கி, அதன் பின்னால் உட்காருவது. இன்ஸ்பெக்டர் வருவார், பேசுவார். எழுந்திருக்கக் கூடாது. தாசில்தார் வருவார், பேசுவார். இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவது. மொத்தம் ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரமா?" என்றேன். "அத்தை, அது மறியலே இல்ல. அவங்களுக்கு ஒரு மணி நேரம் டீ குடிக்கற நேரம். எழுந்திருக்கவே கூடாது. அரெஸ்ட் பண்ணட்டும். எல்லாரும் போலாம். எத்தன பேர வெச்சுக்குவாங்க?"

குடத்தோடு நின்றிருந்த பெண்களுக்கு அமெரிக்கக் கதை முழுவதையும் சொன்னேன். கார் தொழிற்சாலை வந்ததும் ஒரு அக்கா குறுக்கே கேட்டாள்.

"உள்ளயே படுத்துகிட்டாங்க சரி. சோறு?"

"வெளிய இருந்து பொம்பளைங்க செஞ்சு ஜன்னல் வழியா குடுத்தாங்கக்கா."

"அப்ப போராட்டம் பண்ணுனது அவளுங்கதான்னு சொல்லு. இவனுங்க படுத்துத் தூங்கி இருக்கறானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "நீ படிச்ச புள்ள, சொல்ற. செஞ்சு பாப்போம்," என்றார். அந்த 'செஞ்சு பாப்போம்' எனக்கு டிகிரி வாங்கியதைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு ஓடிப் போய் என் தங்கையிடம், அதாவது சித்தப்பா மகளிடம், சொன்னேன். அவள் ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து வியர்வையோடு நின்றிருந்தாள்.

"நானும் வரட்டுமாக்கா?"

"வா."

யோசிக்கவே இல்லை. ஒரு எழுத்து. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை எட்டரைக்கு உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் வந்தார், நாங்கள் எழவில்லை. தாசில்தார் வந்து இரண்டு நாள் தவணை கேட்டார். வழக்கப்படி அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழப்போனார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. பாலக்கோடு மார்க்கெட்டில் ஏற்றிய தக்காளி, பெங்களூர் போக வேண்டியது. ஒரு டிரைவர் இறங்கி வந்து, "யம்மா, உங்களுக்குத் தண்ணி இல்லன்னா எங்க தக்காளி என்னம்மா பண்ணுச்சு?" என்று கத்தினார். "அதயும் ஒக்கார வையிங்க எங்ககூட," என்றாள் முதல் நாள் சோறு பற்றிக் கேட்ட அக்கா. ரோடே சிரித்தது. எனக்குப் புல்லரித்தது. நான் படித்ததெல்லாம் என் கண் முன்னால் தமிழில் நடக்கிறது என்று நினைத்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு எங்களை வேனில் ஏற்றினார்கள். முப்பத்தெட்டுப் பேர்.

சிறையை நிரப்புவது என்று நான் நான்கு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? வேன் போய் நின்ற இடம் கல்யாண மண்டபம். எங்கள் பக்கம் எப்போதும் அதுதான் வழக்கம். எனக்கும் தெரியும், ஆனால் தெரிந்தது எதுவும் அன்றைக்கு ஞாபகத்தில் இல்லை. மேடையில் முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் இதயம் அப்படியே இருந்தது. ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தார்கள். ஃபேன் ஓடியது. இரண்டு மணிக்கு எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் வந்தது. பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். "கொல்லை வேலைக்கும் போவாம, வூட்டு வேலயும் இல்லாம படுத்து எத்தன நாளாச்சு," என்று ஒரு குரல். நிரப்ப நிரப்ப நிரம்பாத சிறை அது. இன்னும் முந்நூறு பேர் வந்தாலும் பந்தி போட்டிருப்பார்கள்.

சாயங்காலம் விடுவதற்கு முன்னால் ஒரு பெண் காவலர் நோட்டோடு வந்து வாசலருகில் உட்கார்ந்தார். பெயர், ஊர் எழுத வேண்டும். அப்போதுதான் நான் அதுவரை அறியாத ஒரு ஏற்பாட்டைப் பார்த்தேன். வரிசையில் முதலில் போன அக்கா ஒரு பெயர் சொன்னாள். அது அவள் பெயர் இல்லை. செத்துப் போய் நான்கு வருடமான அவள் மாமியாரின் பெயர். அடுத்தவள் செத்துப்போன தன் மாமியாரின் பெயர். அதற்கடுத்தவளும் அப்படியே. காவலர் நிமிர்ந்தே பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"எப்பவும் அப்பிடித்தான். செத்தவளுக்குக் கேஸ் போட்டா போட்டுக்கட்டும். உசுரோட இருந்தப்ப நம்மளப் படுத்துனதுக்கு இதாச்சும் பண்ணட்டுமே."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம? அந்தப் பொண்ணும் இந்தப் பக்கம்தான். அவளுக்கு லிஸ்ட்டு வேணும், நமக்கு வூடு போவணும்."

கல்யாணம் ஆகாத என் தங்கையைப் பார்த்து ஒருத்தி, "நீ மாமியாவுக்கு எங்கடி போவ?" என்றாள். அத்தை சொன்னார்: "எங்க மாமியா பேரயே நீயும் சொல்லிக்க கண்ணு. அவ ரெண்டு தடவ அரெஸ்ட் ஆவட்டும்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. தங்கை சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றாள். நான்தான் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறினேன். நாம் திருடர்கள் இல்லை, செய்ததை நம் பெயரிலேயே செய்தோம் என்று சொல்ல வேண்டும், அமெரிக்காவில் கைதானவர்கள் தலை நிமிர்ந்து சொந்தப் பெயரைச் சொல்லித்தான் உள்ளே போனார்கள், ஒளிந்துகொண்டால் போராட்டத்துக்கு என்ன மரியாதை என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். படுத்திருந்தவர்கள்கூட எழுந்து கேட்டார்கள். இறங்கிப் போய் என் பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் சொன்னேன்.

காவலர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "நெஜப் பேரா?"

"ஆமா."

"எழுதிரட்டுமா?" இரண்டு தரம் கேட்டார். பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. இப்போது அந்தப் பேனாதான் என் நினைவில் அடிக்கடி வருகிறது. அவர் எனக்கு அவகாசம் கொடுத்தார். நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் தங்கை. அக்கா சொல்லிவிட்டாள், இனி அவள் வேறு என்ன சொல்ல முடியும்? அவளும் தன் பெயரைச் சொன்னாள், இனிஷியலோடு. அவளுக்குப் பின்னால் நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிதானமாகத் தன் மாமியாரின் பெயரைச் சொன்னாள். அவளுக்கு அடுத்தவர்களும் அதேதான். என் பேச்சைக் கேட்டுக் கண் கலங்கிய ஒரு அக்கா உள்பட.

மூன்றாம் நாள் லாரியில் தண்ணீர் வந்தது. ஒரு வாரத்தில் குழாயைச் சரிசெய்தார்கள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "நாலு மணி நேரம் ஒக்காந்தது வேல செஞ்சிருக்குது," என்றார். பிறகுதான் தெரிந்தது, தக்காளி அழுகிப் போன வியாபாரிகள் புகார் கொடுத்திருக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் எழுந்திருந்தால் வராத வழக்கு வந்துவிட்டது என்று. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பெயர்கள். அதில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பேர்.

அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் ஞாபகம் வந்தது. கைதானவர்கள் யாருமே பெயர் சொல்ல மறுப்பது, அல்லது எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வது. தனித்தனியாகப் பிரித்துத் தண்டிக்க முடியாதபடி செய்யும் உத்தி. அமெரிக்காவில் அதுவும் இருந்தது. நானே பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்புகளோடு. அதே காரியத்தை என் ஊர்ப் பெண்கள் என் கண் முன்னால் செய்தபோது, அது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

பாலக்கோட்டில் நானும் சித்தப்பாவும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், மனுப் போடலாம், எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார். "ஏம்மா, போலீஸ் வேலைக்கு நிக்கற பொண்ணு. யாரு இத மறியலுக்குக் கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டார். சித்தப்பா என்னைக் காட்டவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அத்தை எனக்காக ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். தங்கையின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எழுதியது எழுதியதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து தெலுங்கில் யாரையோ திட்டினார். என்னையாக இருக்கலாம்.

நன்னடத்தைச் சரிபார்ப்புப் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு நிலுவையில் உண்டா என்று ஒரு கேள்வி. வழக்கு இருந்தால் எடுக்க மாட்டார்கள். மறைத்தால் மறைத்ததற்காகவே எடுக்க மாட்டார்கள். தங்கை என் வீட்டுக்கு வந்து படிவத்தை டேபிள்மேல் வைத்தாள். என் புத்தகங்கள் பரப்பிக் கிடந்ததை ஓரமாகத் தள்ளி இடம் செய்துகொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்த அமெரிக்காக்காரங்க, பொட்டி மேல ஏறுனவங்க. ஜெயில்ல இருந்து வந்ததுக்கு அப்பறம் அவங்கள வேலைக்கு எடுத்தாங்களா?"

என் புத்தகங்களில் சிறைக் கதவு திறந்ததும் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் வேறு ஊர், வேறு ஆட்கள். கைதானவர்களின் பெயர்களை முதலாளிகள் பட்டியல் போட்டு ஊர் ஊராக அனுப்பி, போன இடமெல்லாம் வேலை இல்லாமல் அடித்தார்கள் என்று எங்கோ ஒரு வரி படித்திருக்கிறேன். அதை நான் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.

"தெரியல," என்றேன்.

"சரி விடுக்கா." என் பேனாவை எடுத்தாள். கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. "வழக்கு எண் கேக்கறாங்க. நகல் உன்கிட்டதான இருக்குது? எடுத்துச் சொல்லு."

எடுத்தேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவள் எழுதினாள். ஓர் இடத்தில் அவசரப்பட்டு இரண்டு எண்ணைச் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"மெதுவாச் சொல்லுக்கா," என்றாள். "அடிச்சு எழுதக் கூடாதாம்."