பெங்களூர்த் தமிழர்களை நான் வகைபிரித்த விதம்

சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் பட்டப்படிப்பில் நான் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். பீன்யாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஓய்வுபெறப் போகிறார். அவருடைய வேலையில் பாதியைப் பல வருடங்களாக நான்தான் பார்க்கிறேன். ஆனால் பட்டம் இல்லாதவர் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மற்ற பாடங்கள் முடிந்து, ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி மட்டும் பாக்கி இருந்தது. அதில் கடைசியாக ஒரு வகைப்படுத்தும் கட்டுரை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வகைகளாகப் பிரித்து எழுதி, வகுப்பில் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அந்த வகைகளில் ஓட்டை கண்டுபிடித்து உடைக்கப் பார்ப்பார்கள். உடைந்தால் அடுத்த வருடம் திரும்பவும் அதே பாடம். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குப் பயமில்லை. பிரித்து அடுக்குவதுதானே என் பிழைப்பு. பெங்களூர்த் தமிழர்களைப் பொருளாக எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினேன்: பழைய குடும்பங்கள், ஐடி வேலைக்கு வந்தவர்கள், கிறிஸ்தவர்கள், தொழிற்சாலை ஆட்கள். எங்கள் ஸ்டோர்ஸில் எந்த ரேக்கிலும் சேராத சாமான்களுக்கென்று ஒரு ரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில் கடைசியாக ‘இதர’ என்றும் ஒரு வகை சேர்த்தேன்.

எங்கள் விரிவுரையாளர் இதே ஊரின் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர்; என்னைவிட வயதில் சிறியவர். முதல் வரைவைத் திருப்பித் தரும்போது கேட்டார்.

“இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“தொழிற்சாலைல, மேடம்.”

“சர்ச்சுக்குப் போவீங்களா?”

“போவேன்.”

“பெங்களூருக்கு எப்ப வந்தீங்க?”

“எங்க தாத்தா வந்தாரு.”

“அப்ப மூணு எடத்துல இருக்கீங்க. ஒண்ணு காலத்த வச்சு, ஒண்ணு வேலைய வச்சு, ஒண்ணு மதத்த வச்சு. எத வச்சுப் பிரிக்கறோம்னு மொதல்ல ஒண்ணே ஒண்ண முடிவு பண்ணுங்க. இந்த இதர இருக்கே, இது நீங்க யோசிக்க அலுத்துப்போன எடம். சும்மா, சும்னே பெட்டி செஞ்சு ஆளுங்களப் போட்டா கட்டுரை ஆகாது. பிரிச்சப்பறம், முன்ன தெரியாத ஏதாவது ஒண்ணு தெரியணும்.”

பக்கத்து இருக்கைக்காரர், டிப்ளமோவோடு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர், மெதுவாகச் சொன்னார். “அக்கா, உங்களுக்கு மட்டும் மூணு ஆதார் கார்டு குடுக்கணும் போல.”

சிரித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. வயதை வைத்துப் பார்த்தேன், தெருவை வைத்துப் பார்த்தேன். வகைகள் ஒன்றில் ஒன்று கலக்காமல் தனித்தனியாக நின்றன. ஆனால் புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை.

லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் படியில் என் கணவரை நிறுத்தினார்.

“சார், உங்களுக்குச் சொந்த ஊரு?”

“இதாங்க.”

“அது சரி. அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நான் பொறக்கவே இல்லீங்க.”

எனக்கு அங்கேயே பிடிபட்டது. இந்த ஊரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆளைப் பிரிக்க வேண்டாம். இதற்கு ஒருவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்துப் பிரித்தால் போதும். தெரிந்தவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். சிலர் யோசிக்காமல் தமிழ்நாட்டு ஊர்ப்பெயரைச் சொன்னார்கள். சிலர் இங்கேதான் என்று முடித்துக்கொண்டார்கள். ‘அப்பாவுக்கு வேலூர், நாங்க இங்க’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னவர்கள் ஒரு வகை. கேட்பவர் யார் என்று பார்த்துப் பதிலை மாற்றுகிறவர்கள் இன்னொரு வகை.

அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பதிலுக்கும் இங்கே இருந்த காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. என் நாத்தனார் இங்கேயே பிறந்தவர், முன்னோர் ஊரான ஆரணியைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் ஆரணி என்கிறார். போன வருடம் மதுரையிலிருந்து வந்த எங்கள் அக்கவுன்ட்ஸ் பெண் தயங்காமல் இங்கேதான் என்கிறாள். சொந்த ஊர் என்பது எத்தனை காலம் வாழ்ந்தோம் என்ற கணக்கல்ல, அவரவர் எடுத்த முடிவு என்று எழுதி முடித்தேன்.

வாசித்த அன்று முதல் ஆளாகச் சேலத்துக்காரர் எழுந்தார்.

“அக்கா, ஆபீஸ்ல நான் சேலம்னு சொல்லுவேன். ஆட்டோவுல இங்கதான்னு சொல்லுவேன், இல்லன்னா ஊரையே சுத்திக் காட்டிடுவாங்க. ரெண்டு பெட்டிலயும் இருக்கேனே?”

“இல்ல தம்பி. கேக்கறது யாருன்னு பாத்துதானே சொல்றீங்க? நீங்க நாலாவது.”

வகுப்பு சிரித்தது. “நல்லா மாட்டினாரு” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பிறகு விரிவுரையாளர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். “பதிலே சொல்லாம சிரிச்சுட்டுப் போறவங்க?”

தாளின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, இரண்டாவது வாக்கியத்தை உரக்க வாசித்தேன். பதில் சொல்பவர்களைப் பற்றி மட்டுமே இந்தக் கட்டுரை என்று அங்கேயே எல்லை போட்டிருந்தேன்.

அவர் இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை.

“உடையல,” என்றார். “பாஸ். அடுத்த பேட்சுக்கு இத மாதிரிக் கட்டுரையாக் குடுக்கலாமா?”

“தாராளமாக் குடுங்க மேடம். மேல என் பேரு இருக்கணும்.”

கைதட்டலை நான் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளவில்லை, நிமிர்ந்தே வாங்கிக்கொண்டேன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் பதவிக்கு அறிவிப்பு வந்த காலை, விண்ணப்பமும் பட்டச் சான்றிதழின் நகலுமாக எங்கள் நிர்வாக அலுவலர் மேசைக்கு முதலில் போனது நான்தான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “உங்களத் தவிர வேற யாரு அப்ளிகேஷன் போடப் போறா?” என்றார்.

“யாரு வேணாலும் போடட்டும் சார்,” என்றேன்.