ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரை

சண்முகவடிவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காட்கோபரில் ஒரு மருந்துக் கம்பெனி. நான் டைம் ஆபீஸில் குமாஸ்தா. அவள் பேக்கிங் ஹாலில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவள். காலையில் நான் மாட்டுங்காவில் வண்டி ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் சயானில் அவள் ஏறுவாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி, தாராவியில் ஒற்றை அறையில் குடித்தனம். எனக்கு ஜம்பு ஒருத்தன், நாலு வயது. அவளுக்கு இரண்டு. தங்கமயிலுக்கு ஐந்து, சுடலைக்கு இரண்டரை. அவள் புருஷன் மாஹிமில் டீக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம், அதனால் அவனுக்கு லீவு என்பதே கிடையாது.

ஆறு நாள் நாயாய் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இடுப்பு நிமிராது. ஜம்பு, "எங்கேயாவது போலாம்மா" என்று புடவையைப் பிடித்து இழுப்பான். என் கணவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு செவிடாகிவிடுவார். சினிமா, சர்க்கஸ் என்று கிளம்பினால் மாசக் கடைசியில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

திங்கட்கிழமை வண்டியில் வடிவைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

"நேத்து எங்கே போனேள்?"

"மாஹிம் கடக்கரைக்குக்கா. ரெண்டும் சிப்பியாப் பொறுக்கிச்சு. பெருசு, சிறுசுன்னு அடுக்கி வச்சு, கடைசில எல்லாத்தையும் கடலுக்கே கொடுத்துட்டு வந்தோம்."

இன்னொரு வாரம் ஃபைவ் கார்டன்ஸில் மரத்தடி. இன்னொரு வாரம் மாட்டுங்காவில் கல்யாண மண்டபத்துக்கு எதிர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஓசியில் நாகஸ்வரம். மழை பெய்தால் ரயில். பாஸ் இருக்கிறதே! சயானிலிருந்து காட்கோபர், காட்கோபரிலிருந்து சயான், திரும்பத் திரும்ப. தங்கமயில் ஸ்டேஷன் போர்டைப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்டுவிட்டாள். "பிள்ளைகளுக்கு டிக்கெட்?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம எந்த டிக்கெட்காரன் வாரான்?" என்று சிரித்தாள்.

நானும் வெட்கமில்லாமல் காப்பியடித்தேன். அவள் போன இடத்துக்கெல்லாம் அடுத்த வாரம் ஜம்புவை இழுத்துக்கொண்டு போனேன். அவனும் ஏக குஷியில் திரிந்தான். "தாராவியில் இருக்கறவளுக்கு இருக்கற சமத்து நமக்கு இல்லையே" என்று கணவரிடம் சண்டை போட்டேன். அவள் காலை ஏழரைக்குக் கிளம்பி, சரியாக நாலு மணிக்குத் திரும்புவாளாம். ஒரு வாரம்கூடத் தப்பாது. என்ன ஒழுங்கு, என்ன திட்டம் என்று வாயைப் பிளந்தேன். முட்டாள், முட்டாள்.

1966 ஜூலையில் ஒரு ஞாயிறு. கொட்டு கொட்டென்று மழை. காட்கோபரில் நாத்தனார் வீட்டுக்குப் போவதற்காக ஜம்புவோடு வண்டி ஏறினேன். லேடீஸ் டப்பாவில் வடிவு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கமயில். மடியில் சுடலை, அம்மாவின் முந்தானைக்குள் சுருண்டு கிடந்தான். தொட்டுப் பார்த்தேன். அனலாய்க் கொதித்தது. மூச்சு கர் கர்ரென்று இழுத்தது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"ஏண்டி, உனக்கு மூளை இருக்கா? குழந்தைக்கு இப்படிக் கொதிக்கறது, நீ ஊர் சுத்திண்டிருக்கியா?"

"இல்லக்கா... இங்கன நனையாம இருக்கலாம்னு..."

"ஒரு வாரம் சுத்தாட்டா உன் தலை வெடிச்சுடுமா? வீடுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? பெத்தவதானே நீ? போ, ஆத்துக்குப் போய்க் குழந்தையைப் படுக்கப் போடு!"

டப்பா முழுக்க எங்களையே பார்த்தது. பாஷை புரியாத மராத்திக்காரிகூடக் குழந்தையைப் பார்த்து "ச்சு ச்சு" என்றாள். வடிவுக்குக் கண் நிறைந்தது. குர்லாவில் வண்டி நின்றதும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கமயிலின் கையைப் பிடித்து இறங்கி, எதிர் வண்டிக்காகப் படியேறினாள். ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். நாத்தனாரிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

திங்களும் செவ்வாயும் அவள் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, நாலு பேரிடம் வழி கேட்டு, தாராவிச் சந்துக்குப் போனேன்.

வடிவு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தங்கமயில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மழை நின்று ஈக்கள் மொய்த்தன. சுடலையைக் காணவில்லை.

"எங்கே குழந்தை?" என்றேன்.

"போயிட்டான்க்கா."

"உள்ளே வாயேன்டி, இப்படியா வெளியிலே..." என்று கதவைத் தள்ளப் போனேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "பைய, பைய. அவிய ஒறங்குதாவ."

கதவிடுக்கில் பார்த்தேன். அந்தச் சின்ன அறையில் மூன்று ஆண்கள், சட்டையில்லாமல், கை காலை மடக்கிக்கொண்டு வரிசையாகத் தூங்கினார்கள். கோட்டைப் பக்கம் பத்திரிகை அச்சாபீஸில் ராத்திரிப் பாளி, அதாவது ஷிப்ட், பார்க்கிறவர்களாம். பகல் முழுதும் அறை அவர்களுக்கு, நாலு மணிக்கு மேல் இவர்களுக்கு. அவர்கள் தருகிற பணம்தான் வாடகையில் பாதி. மற்ற நாளில் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் பிள்ளைகளை வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

கடற்கரை, தோட்டம், நாகஸ்வரம், ரயில் எல்லாம் இதனால்தான்.

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலே எங்கிட்டே?" என்று அழுதேன்.

"என்னத்தச் சொல்ல? எங்க போனேன்னு நீங்க ஆசையாக் கேப்பீய. உங்ககிட்டச் சொல்லும்போது, நாங்க நெசமாவே வெளாடத்தான் போனோம்னு எனக்கே இருக்கும்."

"அன்னிக்கு நான் திட்டினேனே..."

"நீங்க சொன்னது ஞாயந்தான. அதான் நேரா இங்க வந்தேன். காசு கொடுத்துப் படுத்திருக்கவியள எழுப்ப மனசு வரல. இந்தப் படியிலயே இருந்தோம். மேல சாரல் அடிச்சுது. சேலையப் போட்டுப் பொத்திக்கிட்டேன்."

ரயிலில் நனையாமல் இருந்த குழந்தையை நான்தான் இங்கே அனுப்பினேன். அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, உள்ளே இருப்பவர்கள் விழித்துவிடாமல், தணிந்த குரலில் சொன்னாள்:

"அவியளும் நல்லவியதான்க்கா. திங்கக்கெழம காலையில பாளி முடிச்சு வந்தாவ. உள்ள பிள்ளையக் கெடத்தியிருக்கதப் பாத்தாவ. ஒண்ணும் சொல்லாம பாய எடுத்துக்கிட்டுச் சந்துல போய்ப் படுத்துக்கிட்டாவ. எம்புள்ள பகல்ல இந்த வீட்டுக்குள்ள படுத்தது அன்னைக்கு ஒரு நாள்தான்."