அப்பாவைச் சூப்பர்வைசர் ஆக்கிய அம்மா

என் கல்யாணத்துக்காக அம்மா ஒரு பொய் சொன்னாள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்த அப்பாவை, ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை வீட்டாரிடம் சூப்பர்வைசர் என்று அடித்துவிட்டாள். அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பி, பையில் கொண்டுபோன காக்கியை கேட் அறையில் மாற்றிக்கொண்டார். எல்லையில் ஒரு நாளும் பின்வாங்காதவர், அம்மாவிடம் மட்டும் தினமும் பின்வாங்கினார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நுரையீரல் நோயில் இறந்துபோனார். பனிமலையில் காவல் இருந்தபோது பிடித்த நோய் அது. அப்போதே ராணுவ ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் படுத்திருக்கிறார். பட்டாளத்து வேலைதான் அவர் உயிரைக் கொண்டுபோனது என்று ராணுவம் ஒத்துக்கொண்டால் அம்மாவுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவளுக்கு ஓய்வூதியத்தைவிட அந்த ஒத்துக்கொள்ளல்தான் வேண்டியிருந்தது. பீடியையே தொடாத மனிதரை, பீடி குடித்துச் செத்தார் என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பியவர் என் மாமனார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தப் படிவத்தைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும். ஓய்வுக்குப் பின் செய்த வேலை என்ற இடத்தில், 'நூற்பாலை சூப்பர்வைசர், பஞ்சுப் பிரிவு' என்று முத்து முத்தாக எழுதினார். பஞ்சுப் பிரிவு அவருடைய சொந்தச் சரக்கு. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பஞ்சுத் தூசியால் வந்த நோயாக இருக்கலாம், ராணுவப் பணிக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது.

மாமனார் கொதித்துப்போனார். மேல்முறையீடு செய்து, அந்த மில்லில் தூசியே கிடையாது என்று நிரூபிக்கப் போவதாகப் பேனாவைத் திறந்தார். ராஜபாளையத்தைத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, அவிய மில்லுக்குள்ள போனதே இல்ல. கேட்டுல வாட்ச்மேனா நின்னாவ. நாந்தான் பொய் சொன்னேன்."

என் குடித்தனம் இன்றோடு போச்சு என்று நினைத்தேன். மாமனார் பேனா மூடியைத் திருகி மூடினார். பிறகு புதுத் தாளை எடுத்து, 'பாதுகாப்பு அதிகாரி' என்று போட்டால் கௌரவமாக இருக்குமே என்று கேட்டார். வாட்ச்மேன் என்றே போடச் சொல்லிவிட்டாள் அம்மா.

மில்லில் கொடுத்த சான்றிதழையும் சேர்த்து அனுப்பினோம். பல மாதம் கழித்து, பணியினால் வந்த நோய்தான் என்று உத்தரவு வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, பட்டாளமே ஒத்துக்கிடுச்சு. அவிய வாட்ச்மேன்னு அவிய உசுரோட இருந்தவரைக்கும் நான் ஒத்துக்கிடலையே."