நாற்பத்தொரு பெயருக்கு ஒரு மனு

என் பெயரை யாராவது கூப்பிட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. போன வாரம் சுங்கை பட்டாணியில், எங்கள் கோயில் மண்டபத்துக்கு மானியம் கேட்டு எழுதிய மனுவோடு அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் "அங்கமுத்து!" என்று கூப்பிட்டாள். கதவுப் பக்கம் பார்த்தபடி சும்மா இருந்தேன். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறைக்குத்தான் எழுந்தேன். "பாக்சிக், தா டெங்ஙார் கா?" காது கேட்கவில்லையா பெரியவரே என்றாள். கேட்டது மகளே, வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்த்தேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். இன்னோர் அங்கமுத்து வந்திருக்கிறார் போலும் என்று அந்தப் பிள்ளை பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடியது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் இருக்கும் சொந்தங்களே, எஸ்டேட்டை விட்டு பாக்கார் ஆராங் பக்கம் கல்வீட்டுக்கு வந்துவிட்ட என் போன்றவர்களே, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் இந்த வட்டாரத்தில் மனு எழுத வேண்டுமென்றால் பட்டம் வாங்கியவனும் என் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவான். தமிழ்ப்பள்ளிக்குக் கூரை, லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய், சுடுகாட்டுக்குப் பாதை, எல்லாம் என் கை எழுதி வந்தவை. உங்கள் ஊரில் ஒரு காரியம் ஆக நாலு பெரிய மனிதரைப் பிடிக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு தாள் போதும். அந்தக் கைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என்னைவிட ஐந்து வயது இளையவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜப்பான்காரன் காலம். செமிலிங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தான். வந்தவர்கள் கடிகாரத்தைத் தங்கள் நாட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். காலை ஆறரை என்று ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு மணி அடிக்கும். வெளியே கும்மிருட்டாக இருக்கும். ஊரில் சூரியன் வந்த பிறகு பொழுது விடியும். இங்கே மணி அடித்தால் விடிந்ததாக நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த இருட்டில் வரிசையாக நிற்போம், பெயர் வாசிப்பார்கள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதுதான் எஸ்டேட் வழக்கம். சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லாரியில் ஏற்றிப் போன பிறகு, அந்த அடித்தலுக்குப் பெண்கள் பயந்தார்கள். அடித்துவிட்டால் ஆள் திரும்ப மாட்டான் என்று ஒரு பேச்சு லயத்தில் எழுந்துவிட்டது. அதனால் எந்தப் பெயரும் அடிபடாமல் நாற்பத்தொரு பெயரும் புத்தகத்தில் அப்படியே இருந்தன. மிச்சமிருந்த ஆண்கள் ஒன்பது பேர். கங்காணியும் போய்விட்டதால் அவன் இடத்தில் நான். உண்மையில் நானும் போயிருக்க வேண்டியவன். லாரி வந்த அன்று சதுப்பில் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. பதில் சொல்லவில்லை.

காடு திருத்தி மரவள்ளி போடும் எஸ்டேட்டுகள் மனுக் கொடுத்தால் மண்வெட்டி, அரிசி, கொய்னா மருந்து கிடைக்கும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. லயத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. நான் எழுதிக் கொடுத்த முதல் மனுவை, ஜப்பான்காரன் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது மனுவா, ஒப்பாரியா?" என்றார். அதை எடுத்துக்கொண்டு மூடிக்கிடந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவள் தைலம்மை டீச்சர். பட்டணத்துக் கடைக்காரர் மகள். அவள் புருஷன் கோவிந்தனும் அந்த லாரியில் போனவன். அவளுடைய மூன்று வயதுப் பெண் பெஞ்சின்மேல் கம்பளியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

"படிங்கண்ணே" என்றாள்.

"சாகிறோம் சாமி, பச்சைப் புள்ளைங்க பட்டினி..."

"கேட்டா எனக்கே அழுகை வருது."

"வருதுல்ல?" என்றேன் பெருமையாக.

"அவனுக்கு வராதே. நாம செத்தா அவனுக்கு என்னா நட்டம்? அவனுக்கு என்னா வேணும், அதைச் சொல்லுங்க."

"மரவள்ளி."

"அப்ப அதுல ஆரம்பிங்க."

ஆறு நாள் பாடம். எந்தக் காடு, எத்தனை ஏக்கர், எந்த மாதம் கிழங்கு வரும், அதில் அலுவலகத்துக்கு எவ்வளவு. சிலேட்டில் எழுதுவேன், எச்சில் தொட்டு அழிப்பாள். கடைசி வரியில்தான் மருந்து வந்தது. ஆள் காய்ச்சலில்லாமல் நின்றால்தான் வேலை நடக்கும், அதற்குக் கொய்னா, அவ்வளவுதான். "எம் பொண்ணைப் பத்தி இதுல ஒரு எழுத்து வரக்கூடாதுண்ணே" என்றாள், பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல். ஒரே ஒரு இடத்தில் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்பது ஆள் என்று எழுதச் சொன்னாள். ஒன்பது ஆளுக்கு எவன் கொடுப்பான்? நாற்பத்தொரு பெயரையும் எழுதினேன்.

"அதிகாரி வந்து பேரு கூப்பிட்டா என்னண்ணே செய்வீங்க?"

"வரமாட்டான் டீச்சரம்மா. எனக்குத் தெரியும்லா."

வந்தான். முந்தின நாளே சேதி வந்ததால், பெண்களைக் கூட்டிப் புருஷன் சட்டையைப் போட்டு வரச் சொன்னேன். அவரவர் புருஷன் பெயருக்குத் தொண்டையைக் கட்டி "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பொன்னி என்ற கிழவி, "செத்தவன் சட்டையில்லையேடா இது?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். மறுநாள் இருட்டில், மூடுபனியில், அதிகாரி ஆபீஸ் வராந்தாவில் நின்றான். கிராணி விளக்கைப் பிடித்துப் பெயர் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு "காத்தான்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. காத்தான் கல்யாணம் ஆகாதவன். அவனைப் போல ஏழெட்டுப் பேர். அவர்களுக்குச் சட்டை போட யாரையும் நான் வைக்கவில்லை. மூன்று முறைதான். அதற்குப் பிறகு என் தலை போகும், மருந்து போகும், அந்தப் பெண் குழந்தை போகும். இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"இருக்கேன்."

எங்களுக்குப் பின்னால், மரங்களுக்குள்ளிருந்து வந்தது. எங்கள் வரிசையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தனியாளின் பெயர். அதே இடத்திலிருந்து, வேறு குரல். தண்ணீருக்குள் நின்று பேசுகிறவன் குரல் போல. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பெயர் என்னுடையது. "அங்கமுத்து." நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது. என் குரல்தான்.

அதிகாரி வெகுநேரம் மரங்களைப் பார்த்தான். ஏதோ சொன்னான். "போதும்ங்கிறாரு" என்றார் கிராணி. அந்த வராந்தாவிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளிச்சம் வருமுன் வண்டியேறிப் போய்விட்டான். வெளுத்த பிறகு திரும்பிப் பார்த்தேன். மரங்களில் பால் கோப்பைகள் காலியாகத் தொங்கின. அவ்வளவுதான். நாலாம் நாள் அரிசியும் கொய்னாவும் வந்தன. டீச்சரின் பெண் பிழைத்தாள். இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். எழுதிய முதல் மனுவிலேயே ஜெயித்தவன் நான். முன்னதை ஒப்பாரி என்று அவர்களே சொல்லிவிட்டதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னேன். "கோவிந்தன் பேருக்கு நல்லா குரல் கட்டிச் சொன்னீங்க டீச்சரம்மா."

அவள் புருஷன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லலேண்ணே. வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு."

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் மூன்று பேர். கோவிந்தன் வரவில்லை, காத்தானும் வரவில்லை. நான் எஸ்டேட்டை விட்டு, லாரி வாங்கி, வீடு கட்டி, பெரிய மனிதன் ஆனேன். ஆனாலும் யாராவது பெயரைக் கூப்பிட்டால் ஒரு மூச்சு காத்திருக்கிறேன். குருண் பாதையில் காரில் போகும்போது, ரப்பர் மரங்கள் தெரியும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிடச் சொல்வேன். ஏசி போட்டிருக்கிறதே அப்பா என்பான் மகன்.

போன வருஷம், நாற்பது வருஷத்துக்கும் மேலாகிப் பிறந்த ஊருக்குப் போனேன். குலதெய்வக் கோயிலில் வெளிநாட்டுப் பங்காளிக்கு முதல் மரியாதை என்று ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் காத்திருந்தேன். மூன்று முறை கூப்பிட்டார்கள், எஸ்டேட்டாக இருந்தால் பெயரை அடித்திருப்பார்கள். நல்ல வெயில். அங்கே யாருமே பதில் சொல்லவில்லை. நானும்தான்.