பெரியப்பா கட்டிவிட்ட பேய்

எங்கள் பெரியப்பா ஒரு பேயைக் கட்டிவிட்டார். கட்டிவிட்டது அவர், கை கால் வைத்தது நான். அப்போது எனக்கு எட்டு வயது.

பெரியப்பா பேய் பிசாசை நம்புகிறவர் அல்ல. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர். தெருவில் யாராவது குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்டினால்கூட முகத்தைச் சுளிப்பார். அப்படிப்பட்ட மனிதர் இரும்புலியூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து, பொழுது சாய்ந்தால் அங்கே ஒரு பெண் நிற்கிறதாம் என்று ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என்னைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

காரணம் அக்கா. பெரியப்பாவின் ஒரே மகள், பத்தாவது படித்தவள். அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாலையின் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி உண்டு. இரண்டு பக்கமும் அரளிச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து, கடக்கிறவர்களை மறைத்துக்கொண்டிருக்கும். டியூஷன் முடிந்து அந்த வழியாகக் கடந்தவளை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. என்னிடம் மட்டும், அக்காவுக்கு மூளைக்காய்ச்சல் என்று சொன்னார்கள். அடக்கத்துக்குக் கூட்டிப்போகாமல் பொழிச்சலூரில் சித்தி வீட்டில் விட்டார்கள். மொட்டைமாடியில் நின்று, தலைக்கு மேல் இறங்கும் விமானங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அக்கா கூடத்தில் போட்டோவாக இருந்தாள். காய்ச்சல் வந்தால் போட்டோவாகிவிடுவோம் என்று பயந்து நான் ரொம்ப நாள் ஐஸ்கிரீம் பக்கமே போகவில்லை.

இடைவெளியை அடையுங்கள், இல்லையென்றால் ஒரு விளக்காவது போடுங்கள் என்று பெரியப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறார். அது எங்கள் ரோடு இல்லை என்று எல்லா ஆபீசிலும் சொல்லியிருக்கிறார்கள். மனிதன் சொன்னால் கேட்காதவர்கள் பேய் சொன்னால் கேட்பார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு பிள்ளை அங்கே சாகக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் என்னை முன்னால் நிறுத்திக்கொண்டு அந்தக் கடைக்குப் போவார். அவருக்கு டீ, எனக்கு பன். லாரிக்காரர்களும் வேன்காரர்களும் நிறுத்திக் கால் நீட்டுகிற இடம் அது. இவர் யார், எந்தப் பெண்ணின் அப்பா என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த ரோட்டில் ஒரு சாவை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

ஆனால் பாவம், பெரியப்பாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒரு பெண் நிற்பதாகக் கேள்வி. வேகமாக வரும் வண்டிகளின் முன்னால் வருமாம். ஆகவே மெதுவாகச் செல்வது நல்லது" என்று பாடம் நடத்தினார்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "இன்னா சார், பேயி கதையக்கூட கணக்கு மாறி சொல்றீங்க? யாரு பாத்தாங்கோ? அதுக்குக் காலு கீதா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

பெஞ்சில் இருந்த டிரைவர்களும் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா முகம் சுருங்கிப்போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கால் இருக்கு. நான் பாத்தேன்" என்றேன். "ஸ்கூல் பேக்க முன்னாடி மாட்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு. நீலக் கலர்."

கடையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு டிரைவர் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பெரியப்பா டீயைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது என்று நினைத்து எனக்கு ஏக பெருமை.

நான் ஒன்றும் பெரிதாகக் கற்பனை செய்துவிடவில்லை. பேருந்துக் கூட்டத்தில் அக்கா பையை அப்படித்தான் முன்னால் மாட்டிக்கொள்வாள். செருப்பு, பெரியம்மாவின் கட்டிலுக்கு அடியில் பார்த்தது. கண்ணாமூச்சி ஆட ஒளிந்தபோது ஒரு துணிப்பைக்குள் ஒற்றையாக இருந்தது. பேய்க்கும் ஒன்றைக் குறைத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று பட்டது.

அதன் பிறகு பெரியப்பா வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பேய் தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டது. பால்காரர் சொன்னார், கண்டக்டர் சொன்னார், கடைசியில் எங்கள் ஸ்கூல் வேன் அண்ணன் எனக்கே சொல்லிப் பயமுறுத்தினார். செருப்பு நீலம்தானா என்று கேட்டேன். "உனுக்கு எப்டித் தெரியும்?" என்று அவர் மிரண்டுபோனார்.

வண்டிகள் நிஜமாகவே அங்கே வேகத்தைக் குறைத்தன. இருட்டத் தொடங்கும் நேரத்தில் பெரியப்பா என்னை ரோட்டோரம் நிறுத்திக் காட்டுவார். அரளிச் செடி கண்ணில் பட்டதும் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் சிவப்பு விளக்கு எரியும். "பாத்தியாம்மா, பிரேக் போடறான்" என்பார். அக்கா போன பிறகு அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த இடத்தில்தான்.

அவர் கணக்கு தப்பியதும் அங்கேதான். பேய் என்றால் பயந்து மெதுவாகப் போவார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்தார். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற மனிதருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பேயை யாரும் பேயாகவே விட்டுவைப்பதில்லை. கும்பிட்டுச் சாந்தப்படுத்திச் சாமியாக்கிவிடுவார்கள். ஒரு நாள் செடியடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று முளைத்திருந்தது. அடுத்த முறை போனபோது அதற்குச் சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம். பிறகு செருப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் செருப்பு இல்லையாமே என்று யாரோ புதுச் செருப்பு ஒன்றை அரளிக் கிளையில் கட்டிவிட்டுப் போக, கொஞ்ச நாளில் செடி முழுக்கச் செருப்பாகத் தொங்கியது. எல்லாம் நீலம், எல்லாம் ஒற்றை. செருப்பு அம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பெரியப்பா ஓடி ஓடிச் சொன்னார். "இங்க நிறுத்தாதீங்க, மெதுவா போங்க, அது போதும்" என்று கைகூப்பினார். அவரைப் பூசாரி என்று நினைத்து ஒருவர் காணிக்கை நீட்டினார்.

புது பைக் எடுத்த பையன் ஒருவன் அங்கே வண்டியை நிறுத்தி, சூடம் ஏற்றக் குனிந்தான். பின்னால் வந்த லோடு வேனுக்கு அவன் தெரியவில்லை. அந்த இடத்திலேயே போய்விட்டான்.

செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்கூட்டரை எடுக்காமல் ஷேர் ஆட்டோவில் போனோம். கடையில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார்: "நான் கட்டிவிட்ட கதைங்க அது. பேயும் இல்ல, அம்மனும் இல்ல. தயவுசெஞ்சு அந்தக் கல்ல எடுத்துடலாம்."

கடைக்காரர் உதட்டில் விரல் வைத்தார். "சார், சும்மா இரு சார். நேத்துதான் ஒரு உசுர வாங்கிகினு போய்க்கீது. அது காதுல வுழப் போவுது."

"சத்தியமா பொய்ங்க."

"உனுக்குப் பொய்யா இருக்கும். பாத்தது பாப்பாதானே? கொயந்த பொய் சொல்லுமா?"

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. நீ எதையும் பாக்கலன்னு சொல்லு."

"பாக்கல" என்றேன்.

கடைக்காரர் என் தலையைத் தடவினார். "பயந்துபோச்சு பாவம். கண்ணப் பாரு, எப்டி முயிக்குது." யாரோ என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். பெரியப்பா தடுக்கவில்லை. இப்போது அந்தக் கல்லுக்குத் தகரக் கூரை வந்துவிட்டது. போன மாதம் ஒரு கால்டாக்ஸி டிரைவர் அங்கே ஹாரன் அடித்துவிட்டு எனக்கே கதை சொன்னார். பைக் பையனும் அதில் சேர்ந்திருந்தான்.

அன்று வீடு திரும்ப எதிர்ப்பக்கம் போய் ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு நேராக ரோட்டோரத்தில் நின்றோம். பெரியப்பா கேட்டார்: "செருப்பு விஷயம் உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. பெரியம்மா கட்டிலுக்கடியில ஒண்ணு இருக்குல்ல, அதப் பாத்துதான் சொன்னேன். இன்னொண்ணு எங்க பெரியப்பா? தொலஞ்சிடுச்சா?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தேன்.

"ஒண்ணும் வரல பெரியப்பா, போலாம்" என்றேன்.