நாற்காலியில் தொழுத நாட்கள்

இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே பொய் சொன்னவன் நான். வெட்கத்தால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

தாராவியில் தோல் பை தைக்கிறேன். ரத்தக் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு என் தொடைகள் ஈரத் தோலைப் போலக் கனத்தன. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் நாற்காலியில் தொழுதேன். ஏதோ பாவத்துக்குத் தண்டனை என்று வாய் திறக்கவில்லை.

ஒரு மழை மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாத்திரையின் பக்கவிளைவுகளை நோயாளிகளிடமே கேட்டு எழுதுகிறவள்.

"ஏதாச்சும் தொந்தரவு உண்டா சாச்சா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லம்மா."

"ஆமா, குர்சில உக்காந்து தொழுவுறது பேஷனுக்காக்கும்!" என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதே மாத்திரை சாப்பிடும் மற்றவர்கள் சொன்னதைத் தன் நோட்டிலிருந்து பெயரில்லாமல் வாசித்தாள். படியேற முடியாத சமையல்காரர், தொடை வலியில் குனிய முடியாத தையல்காரம்மா. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தோடு, கனவில் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அத்தனை பேரும் என் கால்களின் அதே கனத்தோடு நடந்து போனார்கள்.

"மாத்திரையாலயும் இருக்கலாம் சாச்சா. நீங்களா நிறுத்திராதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க."

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்; அவர் மாத்திரையை மாற்றினார். சில வாரங்களில் நெற்றி பாயைத் தொட்டது. எழ மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். வலியைச் சொன்னால் இறைவனையே குறை சொன்னதாகிவிடும் என்று அத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது, என் பொய்யையும் சேர்த்து, இதை இப்படியே சொல்லுங்கள்.